பூட்டில்லாத சுரங்கம்

குற்றாலத்துக் கிளையிலிருந்து தென்காசி மருத்துவமனைக்கு ஒரு ஸ்கேன் படம் வந்துசேர நான்கு நிமிடமாகும். இரண்டு இடத்திலும் இருந்தவை பழைய ரவுட்டர்கள். இணையத்தின் வழியே அவற்றை இணைக்கும் தனிப் பாதையாக விபிஎன் சுரங்கம் அமைத்தவன் இத்ரீஸ். பிறர் படிக்க முடியாதபடி ஒவ்வொரு படத்தையும் மறையாக்கம் செய்வதற்குள் அந்தக் கிழட்டுப் பெட்டிகளுக்கு மூச்சு வாங்கும்.

"மெதுவா வரட்டும். நோயாளி விவரம் வெளியே போகக் கூடாது" என்றிருந்தார் டாக்டர் உமாராணி.

"போகாது டாக்டரம்மா. நான் பொறுப்பு."

மெக்காவுக்கு உம்ரா பயணம் முடித்து அவன் திரும்பிய எட்டாம் நாள் டாக்டர் அழைத்தார். சாரல் காலம், அருவிப் பாறையில் வழுக்கி விழுந்தவர்களின் படங்கள் குவிந்துகொண்டிருந்தன. "இருபது செகண்டுல வருது. நல்ல வேலை செஞ்சிருக்கீங்க" என்றார்.

இத்ரீஸுக்குச் சந்தேகம் தட்டியது. அந்தப் பெட்டிக்கு அவ்வளவு வேகம் ஏது? மருத்துவமனைக்குச் சென்று, வெளியிணைப்பில் ஓடும் தரவை மடிக்கணினியில் பார்த்தான். புரியாத எழுத்துக் குவியல் தெரிய வேண்டிய இடத்தில், 'ஜெபமலர், வயது 34' என்று தொடங்கி, அவளது கருப்பைக் கட்டியின் அளவு வரை தெளிவாக ஓடியது.

ரவுட்டர்களின் கடவுச்சொல்லை அறிந்த இன்னொருவன் தாணுமாலயன். பன்னிரண்டு ஆண்டுக் கணினிக் கடைப் பங்காளி. பயணத்துக்கு முந்தின நாள் இத்ரீஸே அதை அவனிடம் சொல்லியிருந்தான்.

கடையில் தாணுமாலயன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, என்க்ரிப்ஷன எடுத்துட்டியா?"

"சீசன் கூட்டம்லே. லேட்டாவுதுன்னு தெனமும் போன். டனல் அப்படியேதான இருக்கு? பச்ச லைட்டு எரியுதுல்லா?"

"டாக்டர்ட்ட என்ன சொன்ன?"

"நீ சொல்லித்தான் மாத்தினேன்னு சொன்னேன். உனக்குத்தான நல்ல பேரு."

இத்ரீஸ் அங்கேயே டாக்டரை அழைத்து நடந்ததைச் சொன்னான். டாக்டர் சொன்னார்: "முதல்ல பூட்டுங்க. நீங்க இருக்கணுமா வேண்டாமான்னு அப்புறம் பேசுவோம்."

"வாய மூடிட்டு இருந்திருந்தா ஆருக்குலே தெரிஞ்சிருக்கும்?" என்றான் தாணுமாலயன்.

"உனக்குத் தெரியும்லா. தெரிஞ்சுக்கிட்டே எட்டு நாளா எங்கூட டீ குடிச்சிருக்க."

மடிக்கணினியைத் திறந்து மறையாக்கத்தை மீண்டும் இயக்கினான். புதிய கடவுச்சொல் கேட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, இடக்கையால் விசைகளை மறைத்துக்கொண்டு தட்டினான்.