கறுப்பு டூர்மலின்

பனியனைத் தலைவழியாகக் கழற்ற முடியவில்லை. இறந்தவரின் கைகள் விறைக்கத் தொடங்கியிருந்தன.

"கத்திரிக்கோல் எடுத்தா தம்பி," என்றாள் கஸ்தூரி.

கொழுந்தன் சக்கரபாணி எடுத்துவந்து கொடுத்தார். கழுத்திலிருந்து கீழ்வரை அவளே வெட்டினாள். துணி இரண்டாக விலகியபோது, கணவர் ராமதாசின் இடது மார்பில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய வெள்ளை பிளாஸ்திரி தெரிந்தது. அதன் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கல். பிளாஸ்திரியின் ஓரங்களில் தோல் சிவந்து, அரித்து, சொறிந்த தடமாக இருந்தது. ஒருநாள் இருநாள் ஒட்டியதல்ல.

"இன்னாம்மா இது?" ஓசூரிலிருந்து ஓடிவந்திருந்த மகன் பரசுராமன், தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் குனிந்தான். "கடைக் கல்லா?"

கஸ்தூரி சிவந்த தோலை விரலால் தடவினாள். இந்தக் கோடை முழுக்க மனிதர் பனியனோடுதான் படுத்தார். வியர்த்து ஊற்றும்போதுகூடக் கழற்றவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, ஃபேன் காற்று ஆகவில்லை என்றார். அவளும் நம்பி, ஃபேனைக் குறைத்துவைத்தாள்.

"பிய்ச்சிப் போடு அத. சித்தப்பா, எடுங்க. யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க."

"தோலு பிஞ்சிடும். இருக்கட்டும்," என்றாள் அவள். புது வேட்டியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினாள்.

காலையில் செங்கம் சாலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து டீக்கடைக்காரர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். அது உள்ளே இறங்கவில்லை. எதிர் கிளினிக் டாக்டர் வந்து நாடியையும் கண்ணையும் பார்த்துவிட்டு, வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்.

ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களும் கிரிவலம் வருகிற நம்மாட்களும்தான் அந்தக் கல் கடைக்கு வாடிக்கை. எத்தனையோ நிறத்தில் கல் இருந்தாலும் ராமதாசுக்குக் கறுப்புக் கல் மேல்தான் ஆசை. பார்க்க எல்லாம் ஒரே கறுப்பு, உள்ளே ஒவ்வொன்றும் ஒரு ஜாதி என்பார். பாத்ரூம் டைல் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருப்பார். அதன் சொரசொரப்பில் ஹேமடைட்டைத் தேய்த்தால் குங்குமம் போலச் சிவப்புக் கோடு விழும். காந்தக்கல்லைத் தேய்த்தால் கறுப்புக் கோடு. அதன் பக்கத்தில் ஆணியைக் கொண்டுபோனால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். எரிமலைக் கண்ணாடிச் சில்லால் காகிதத்தைக் கிழித்துக் காட்டுவார். பிளேடு தோற்றுவிடும். விரல் நீளக் கறுப்பு டூர்மலினைச் சுடவைத்து விபூதித் தட்டின் மேல் பிடித்தால், விபூதித் துகள் துள்ளி ஏறிக் கல்லில் ஒட்டும். பார்க்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

"சாமி இல்லீங்க, கரண்ட்டு. சூடு ஏறி இறங்கினா இந்தக் கல்லுல கரண்ட்டு வரும்," என்பார். அதைக் கேட்டுக்கொண்டே அவர்கள், "இத வச்சிக்கிட்டா என்னா நல்லது நடக்கும்?" என்பார்கள். ராமதாஸ் கல்லைத் துடைத்துக்கொண்டே, "கெட்டது அண்டாதுனு சொல்றாங்க," என்பார்.

அந்த 'சொல்றாங்க'வுக்காகக் கஸ்தூரி அவரோடு காலமெல்லாம் சண்டை போட்டிருக்கிறாள். ஊரை ஏமாற்றிச் சோறு தின்கிறோம் என்பாள். "நான் எங்க சொல்றேன்? சொல்றாங்கனுதானே சொல்றேன்," என்று அவர் சிரிப்பார்.

இருதயத்தில் அடைப்பு என்று தெரிந்தது போன கார்த்திகைக்கு முன்பு. ஆபரேஷன் செய்துகொண்டால் நன்றாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். தீபக் கூட்டம் முடியட்டும் என்றார் ராமதாஸ். பிறகு பொங்கல் ஆகட்டும் என்றார். பிறகு சித்ரா பௌர்ணமி. ஓசூரில் வேலையிலிருந்த பரசுராமன் போனில் கத்துவான். "மாத்திரை போட்டுனுதான்டா இருக்கேன்," என்று இவர் போனை வைத்துவிடுவார்.

உறவுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஷட்டரை இறக்கிப் பூட்டிவருவதாகப் பரசுராமன் கடைக்குப் போனான். திரும்பி வந்தவன் முகம் வேறாக இருந்தது. அம்மாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, மருந்துக்கடைக் கவர்களை மேடையில் கொட்டினான்.

"கல்லு டப்பாவுக்குப் பின்னாடி இருந்துச்சு. ஒரு அட்டகூடப் பிரிக்கல."

கஸ்தூரி ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு மாத்திரைக் குமிழும் உப்பலாக இருந்தது.

"உனக்குத் தெரியாதா? ஒரே வீட்ல இருக்கற. உனக்குத் தெரியாதா?"

"கடையில வச்சிப் போட்டுக்கறேன்னாருடா."

"ஊருக்கெல்லாம் கரண்ட்டுனு சொல்லுவாரு. சின்ன வயசுல என்னாண்ட எத்தினி தபா சொன்னாரு, கல்லு கல்லுதான்டானு. கடைசில இவரே..." அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

கூடத்திலிருந்து புதிதாக ஓர் அழுகுரல் எழுந்தது. கஸ்தூரி எட்டிப்பார்த்தாள். கீழ்பென்னாத்தூர் ராணியம்மாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் கவிழ்ந்து கிடந்தாள். வருடா வருடம் தீபத்துக்கு முன்னால் ஒரு பை மல்லாட்டையோடு வந்து, "அண்ணன் குடுத்த கல்லாலதான் உசுரோட இருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் போகிறவள். அவள் தலை மறைந்ததும், "இன்னொரு ஏமாந்த ஜென்மம்," என்பாள் கஸ்தூரி. அந்த வேர்க்கடலையை மட்டும் அவித்துத் தின்பார்கள்.

"எனக்கு உசுரு குடுத்த கல்லு உனக்குக் குடுக்கலியே அண்ணா!"

பரசுராமன் கூடத்துக்குப் பாய்ந்தான். "எழுந்திரும்மா. அந்தக் கல்லுதான் எங்கப்பாவக் கொன்னுச்சு. மாத்திரயத் தூக்கி மூலையில போட்டுட்டு கல்ல ஒட்டினு செத்துப்போயிட்டாரு. எழுந்து போ."

ராணியம்மாள் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவனைப் புரியாமல் பார்த்தாள்.

"மாத்திர போடலியா? அண்ணனா?"

"ஆமா."

"அது எப்பிடிப்பா? எனக்கு அப்பிடிச் சொன்ன மனுசன்." அவள் கஸ்தூரியைப் பார்த்தாள். "அண்ணி, உங்களுக்குத் தெரியாதா? மார்ல கட்டி. ஆஸ்பத்திரிக்குப் போனா அறுத்துடுவாங்கனு பயந்துனு, கல்லு வச்சா கரைஞ்சிடும்னு யாரோ சொன்னாங்கனு கடைக்கு வந்தேன். அண்ணன் எல்லாத்தயும் கேட்டுக்கினாரு. அப்புறம் சொன்னாரு, 'கல்லு தரேன். ஆனா இது டாக்டர் கட்டிய எடுத்தப்புறந்தான் வேலை செய்யும். அதுக்கு மின்னாடி தொட்டா கல்லு செத்துப்பூடும்'னு. அவரே கூட்டினு போய் வேலூர்ல சேத்தாரு. ஆபரேஷன் முடிஞ்சி கண்ணு முழிச்சப்புறந்தான் கல்ல கையில குடுத்தாரு."

பரசுராமன் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டான்.

கஸ்தூரிக்கு ஒன்றும் தெரியாது. வேலூருக்கு என்று கிளம்பிய நாளெல்லாம் சரக்கு எடுக்கப் போவதாகத்தான் சொல்லியிருந்தார். பொய் சொல்லிக் கல் கொடுத்தேன் என்றால் அவள் விட மாட்டாள் என்று தெரியும் அவருக்கு. வருடங்கள் போகப்போக, ராணியம்மாள் தெருமுனை திரும்பும்வரை அவர் வாசலில் நின்று பார்ப்பதை அவள் கவனித்திருக்கிறாள். "அவளுக்குத் திரும்ப வரவே இல்ல பாரேன்," என்று ஒருமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எது என்று அவள் கேட்டதில்லை.

இந்தப் பங்குனியில் ஒருநாள் மத்தியானம், சோற்றைப் பிசைந்தபடி, "கஸ்தூரி, அந்தக் கல்லுல எதனா இருக்குமா?" என்றார். தலை நிமிரவில்லை.

"உங்க கல்லுல என்னா இருக்குதுனு நீங்கதான் சொல்லணும்," என்றாள் அவள். ரசத்தை ஊற்றினாள். அவர் சிரித்தார். தட்டில் பாதிச் சோறு மிச்சமிருக்கக் கை கழுவினார்.

அன்றைக்கு அவள் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆபரேஷனுக்கு அப்புறம்தான் வேலை செய்யும் என்று சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு பேச்சு இருப்பதே அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவள் வாயில் அது வந்திருக்குமா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

வெயில் சாய்வதற்குள் எடுக்கவேண்டும் என்று சக்கரபாணி அவசரப்படுத்தினார். பெட்டியிலிருந்து உடலை எடுத்து வெளியே வைத்து நீராட்டினார்கள். தண்ணீர் பட்டு பிளாஸ்திரி ஒரு பக்கம் கிளம்பியது. பரசுராமன் அதைப் பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்தான். அவன் கட்டைவிரலால் அந்த ஓரத்தைத் திரும்ப அழுத்தி ஒட்டினான். பிறகுதான் குலுங்கி அழுதான்.

பறைச் சத்தம் தெருவைத் தாண்டித் தேய்ந்தது. பெண்கள் வீடு கழுவ ஆரம்பித்தார்கள். ராணியம்மாள் போகவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தொட்டியிலிருந்து குடம் குடமாக மொண்டு வாசலில் ஊற்றினாள். நிறைகுடத்தை இடுப்புக்குத் தூக்கும்போது ஒரு பக்க ரவிக்கை தட்டையாக மடிந்தது.

படியில் உட்கார்ந்திருந்த கஸ்தூரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரில பயமா இருந்துச்சா ராணி?"

குடத்தை இறக்கிவைத்தாள் அவள். "இல்லாம? உள்ள தள்ளினு போறப்போ காலெல்லாம் நடுங்குது. எழுந்து ஓடிடலாமானு இருந்துச்சு."

"அப்புறம்?"

"அண்ணன் வெளிய பெஞ்சுல ஒக்காந்துனு இருந்தாரு. கதவு மூடற வரைக்கும் தெரிஞ்சாரு. நான் வெளிய வர்ற வரைக்கும் டீ குடிக்கக்கூட எழுந்து போவலயாம். நர்ஸம்மா சொல்லிச்சு."

கஸ்தூரி எழுந்தாள். யாரோ தடுத்தார்கள், அவள் கேட்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்தாள்.

"ஊத்து," என்றாள்.

ராணியம்மாள் ஊற்றினாள். செவ்வந்தி இதழ்களோடு தண்ணீர் வாசலில் பரவி நின்றது. கஸ்தூரி அதைத் தெருப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள்.