வீராசாமிக்கு ஒரு கதிரை

1

இந்தக் கதை கிடைத்தது நூலகத்தில், மழைக்கு ஒதுங்கிய இடத்தில். கையில் அகப்பட்டது கயானா என்ற நாட்டைப் பற்றிய புத்தகம். புவியியல், வரலாறு, வாழ்க்கைத் தரம் என்று மூன்றே தலைப்புகள். தென்னமெரிக்காவின் வடகரையில் ஒரு கீலம் நிலம். கடல் பெருகும்போது அந்த நிலம் கடலைவிடப் பள்ளம். நாட்டுச் சனத்தில் பெரும்பகுதி அதிலேதான் குடியிருக்கிறது. இதை வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அவ்வளவு பேரும் எப்படி நித்திரை கொள்கிறார்கள்?

கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆகவே கெல்வின் வீராசாமி என்பவரை உண்டாக்கி, ஒஸ்லோவுக்குக் கூட்டிவந்து, அங்கே மோர்டென்ஸ்ருட் என்ற பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருத்தினேன். கதையை இப்படித் தொடங்கினேன்:

அத்திலாந்திக்கின் மண்ணிற அலைகள் ஜோர்ஜ்டவுன் நகரத்துக் கடற்சுவரில் ஆவேசமாக

வேண்டாம். நான் அந்தக் கடலைக் கண்டதில்லை. கண்டது தபால் பெட்டிகளைத்தான்.

2

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, வசந்தம். சிவநாயகி, பெரியபிள்ளையான தன் மகள் யதுர்ஷாவின் சாமத்தியச் சடங்குக்கு அழைப்பிதழ் கொடுத்துக்கொண்டிருந்தாள். தெரிந்தவர்களுக்கு வீட்டுக்கே போய்க் கொடுத்தாள். தெரியாதவர்களுக்கு ஒஸ்லோவில் வேறு வழி உண்டு. மாடிக் குடியிருப்பின் வாசலில் நின்று தபால் பெட்டிகளின் பெயர்களை வாசிக்க வேண்டும். லிங்கம், நாதன், சாமி என்று முடிந்தால் ஓர் அழைப்பிதழ் உள்ளே போகும். ஆள் யாரென்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்களுக்குச் சொல்லவில்லை என்று யாரும் குறை சொல்லிவிடக் கூடாது.

வீராசாமி என்ற பெட்டியிலும் ஒன்று விழுந்தது.

(சிவநாயகிக்கு முதலில் வேறு பெயர் வைத்திருந்தேன். அந்தப் பெயரில் அவள் ஓயாமல் அழுதாள். மாற்றியதும் நடக்கத் தொடங்கிவிட்டாள்.)

3

இரண்டு நாளில், அவளும் குடியிருந்த அதே கட்டடத்தின் நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் இடத்தில், ஒரு மனிதர் வந்து, அழைப்பிதழைக் காட்டி அவளுக்கு நன்றி சொன்னார். நிறமும் மூக்கும் நம்மவர்தான். சிவநாயகி வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"ஊரிலை எவடம்?"

அவர் சிரித்தார். அவருக்குத் தமிழ் விளங்கவில்லை. இருவரும் நோர்வேஜிய மொழிக்கு மாறினார்கள். இருவருக்கும் அது அரைகுறைதான். அவருடைய பூட்டனாருக்கும் முந்திய ஒருவர் கரும்பு வெட்டுவதற்காகச் சென்னையில் கப்பலேறியவராம். பெயர் தப்பி வந்துவிட்டது, மாரியம்மனும் வந்துவிட்டாள், மொழிதான் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது.

(புத்தகத்தில் வரலாறு ஒல்லாந்தரோடு தொடங்கி ஆங்கிலேயரோடு நீள்கிறது. நான் உடுப்புக் கூடையோடு தொடங்குகிறேன். இடம் மிச்சம்.)

4

கணவன் குலேந்திரனுக்கு இது பிடிக்கவில்லை.

"தமிழ் ஒரு சொல்லும் தெரியாதோ?"

"தெரியாதாம்."

"ஆள் ஆரெண்டு சனம் கேட்டா என்ன சொல்லுறது? வீடியோவிலையும் விழும். நீதானே போட்டனி, நீயே போய் மாறிப் போட்டுட்டம் எண்டு சொல்லிப்போட்டு வா."

சோபாவில் கிடந்த யதுர்ஷா தலையைத் தூக்கி, நோர்வேஜியச் சொல் ஒன்றையும் கலந்து சொன்னாள். "குடுத்ததைத் திருப்பி வாங்கிறதோ? பின்லி, அம்மா. எனக்கு வெக்கமா இருக்கு. அப்பிடி எண்டா நான் சடங்கு மணவறையிலை ஏற மாட்டன்."

"நீ ஏறாட்டிச் சேலையை நான் உடுத்துக்கொண்டு ஏறுறன்," என்றான் குலேந்திரன். யாரும் சிரிக்கவில்லை.

(அவனைக் கெட்டவனாக்கிவிட்டேனோ என்று இரண்டு நாள் யோசித்தேன். இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தவன். நானும்தான்.)

5

சிவநாயகி வீராசாமியின் கதவைத் தட்டினாள். சொல்ல வேண்டியதைப் படிக்கட்டிலேயே நோர்வேஜிய மொழியில் பாடமாக்கி வைத்திருந்தாள். அவர் தேநீர் ஊற்றினார். சுவரில் ஜோர்ஜ்டவுன் கடற்சுவரின் படம் தொங்கியது. நேரத்தைக் கடத்த, என்னுடைய கேள்வியை அவளைக் கொண்டு கேட்பித்தேன்: கடலுக்குக் கீழே எப்படி நித்திரை கொள்வீர்கள்?

மதகுக் கதவுகள் உண்டு என்றார் அவர். கடல் வற்றும்போது ஓர் ஆள் திறந்து ஊர்த் தண்ணீரை வெளியே விடுவான், பெருகும்போது மூடுவான்.

"அவன் முழித்திருப்பான் என்று நம்பித்தான் படுப்போம்."

பிறகு வாழ்க்கைத் தரம் பற்றிய பேச்சு வந்தது. அங்கே மின்சாரம் போய்ப் போய் வரும். வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார்கள். சிவநாயகி தலையாட்டினாள். யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவளுக்கு அதை விளக்கத் தேவையில்லை. நோர்வேதான் உலகத்திலேயே முதலாவதாம், பத்திரிகைகளில் வருகிறதே என்றாள். ஓம் என்பதுபோல அவர் சிரித்தார்.

"இங்கே எல்லாம் இருக்கிறது. ஆனால் வந்த நாளிலிருந்து ஒருவரும் என்னை எங்கும் கூப்பிடவில்லை. நீங்கள்தான் முதல். அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன், எங்கள் ஆட்கள் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று."

அலுமாரிக் கதவில் தேய்த்த வெள்ளைச் சட்டை ஒன்று தொங்கியது. சடங்குக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

6

முதல் முடிவு: சிவநாயகி பாடமாக்கியதைச் சொன்னாள். அவர் அழைப்பிதழை எடுத்து, தூசி தட்டி,

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

இரண்டாம் முடிவு: சடங்கன்று எல்லோரும் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். குலேந்திரனே சாப்பாடு பரிமாறினான். (கேசரிக்குக்கூட இவ்வளவு சீனி போட மாட்டார்கள்.)

ஆகவே எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். சிவநாயகி தேநீரைக் குடித்து முடித்து, "நேரத்துக்கு வந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். சடங்கன்று அவர் வந்திருக்கிறார். மண்டப வாசலில், வெள்ளைச் சட்டையோடு நிற்கிறார். ஆலாத்தி எடுக்கத் தொடங்கிவிட்டதால் மகளுக்குப் பக்கத்தில் நிற்கும் சிவநாயகியால் மேடையை விட்டு இறங்க முடியாது. குலேந்திரன் வீடியோக்காரருக்குப் பின்னால் மறைந்து நிற்கிறான். மணவறையில் யதுர்ஷா தலை குனியாமல் வாசலையே பார்க்கிறாள். வரிசை வரிசையாகச் சனம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் பார்க்கிறது.

மண்டபத்தில் ஒரே ஒரு கதிரைதான் மிச்சம். அது உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் மேல் உங்கள் கைப்பை.

அவர் உங்களைத்தான் பார்க்கிறார்.