கண்கள் திறந்திருக்க வேண்டும்

...காது இரண்டும் தெரிய வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், மூக்குக்கண்ணாடி கூடாது, பின்னால் வெள்ளையைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது, நிழல்கூட. மகள் ஷெரின் அமெரிக்காவிலிருந்து அனுப்பியிருந்த பட்டியலை, பஸ் ராஜபாளையத்துக்குள் நுழைகிற வரைக்கும் பரிபூரணம் டீச்சர் மனப்பாடச் செய்யுளைப்போலச் சொல்லிக்கொண்டே வந்தாள். சிரிக்கக் கூடாது என்பதற்குப் பயிற்சி வேண்டியதில்லை. கண்கள் திறந்திருக்க வேண்டும்... அதுதான் வர மாட்டேன் என்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இரண்டு தடவை எடுத்தாயிற்று, வெளிச்சம் வெட்டுகிற நொடியில் இமை இறங்கிவிடுகிறது, இரண்டையும் இணையதளம் திருப்பிவிட்டது. விசா விண்ணப்பம் போட்டோவிலேயே நிற்கிறது. இந்த வாரம் போனால்தான் பிரசவத்துக்கு முன்னால் தேதி கிடைக்குமாம். ஷெரினுக்கு ஆறாவது மாதம், மாமியாரும் இல்லாத வீடு, "நீ வராட்டி யாரும்மா எனக்கு இருக்கா" என்று நேற்றும் அழுதாள். போயாக வேண்டும். போகாமல் இருக்க என்ன காரணம் இருக்கிறது? காரணம் கூடத்துச் சுவரில் தொங்குகிறது என்று யாரிடம் சொல்ல, சபைப் போதகர் ஐயரிடமா, ஷெரினிடமா...

கணவர் நேசையன் போய் எட்டு மாதம். சட்டத்துக்குள் மார்பளவுப் படம், அடியில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று எழுத்து, மேலே அகலத் திறந்த கண்கள். முதலில் அது ஆறுதலாகத்தான் இருந்தது, சாப்பிடும்போது பேச்சுத்துணைக்கு. விசாப் பேச்சு தொடங்கிய பிறகுதான் அந்தக் கண்கள் வேறாயின. உயிரோடு இருக்கையில் போகாதே என்று ஒருநாளும் சொன்னவரில்லை அவர், மம்சாபுரத்துத் தங்கை வீட்டுக்கு அவள் பையை எடுத்தால் பேப்பரைத் தாழ்த்தி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான், பை திரும்ப ஆணிக்குப் போய்விடும். அதே பார்வை. நாற்காலியை ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டாள், அங்கேயும் வந்தது. இடது கண்ணின் ஓரத்தில் ஒரு தூசி ஒட்டியிருந்தது, ஈரத்துணியால் துடைத்தாள், போகவில்லை, சட்டத்துக் கண்ணாடிக்கு உள்ளே போலிருக்கிறது. ஒரு மத்தியானம் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினாள்... பழுப்பு அட்டையின் முதுகு அதைவிட மோசமாகப் பார்த்தது. அரை மணி நேரத்தில் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி வைத்தாள். வெளிச்சம் வெட்டினால் இமை இறங்குகிறது, அவர்தான் மூடிவிடுகிறாரோ?

நவநீதகிருஷ்ணனின் ஸ்டுடியோவில்தான் அந்தப் படமும் செய்தது. மூன்றாம் வகுப்பில் அவளிடம் படித்தவன், இப்போது தலை வழுக்கை. "வாங்க டீச்சர், ஸ்டூல்ல உக்காருங்க, செத்த முன்னால வாங்க, சுவர்ல நெழலு விழுது. சிரிச்சிராதீக, சிரிச்சா விசா குடுக்க மாட்டான்." நான் சிரிச்சு எட்டு மாசம் ஆச்சுடா, என்றாள். அவன் விளக்குக் குடையைத் தேவையில்லாமல் கொஞ்சநேரம் திருகிக்கொண்டிருந்தான். முதல் மூன்றிலும் இமை இறங்கியது. "அமெரிக்காவ மறந்துருங்க டீச்சர். வீட்டுப்பாடம் எழுதாம வந்து நின்னா என்னைய ஒரு பார்வை பாப்பீகளே, ஒண்ணுக்கு வந்துரும்... அதப் பாருங்க." அந்தப் பார்வையா, அப்படி ஒன்று இருந்ததா அவளுக்கு? வெளிச்சம் வெட்டியது. இமை அசையவில்லை.

கம்ப்யூட்டரில் அவள் முகம் வெள்ளையில் மிதந்துகொண்டு வந்தது, கழுத்துக்குக் கீழே பாதி சேலையோடு, எங்கேயும் ஊன்றாமல். "இதுல நான் கை வைக்கக் கூடாது டீச்சர், ஒரு சுருக்கத்த எடுத்தாலும் கண்டுபிடிச்சிருவான்" என்று சொல்லிக்கொண்டே கண் திறந்திருக்கிறதா என்று சரிபார்க்கப் பெரிதாக்கினான், இன்னும் பெரிதாக்கினான், திரை முழுக்க இரண்டு கண்கள். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள். இடது கண்ணின் வெள்ளையில், ஓரத்தில், பழுப்பாக ஒரு புள்ளி. தூசியா தம்பி? "மச்சம்ல அது, ஒங்க கண்ணுல உள்ளது. தெரியாதா?" தெரியாது, கண்ணாடியைக் கழற்றினால் எல்லாமே மங்கல், மாட்டினால் ஃப்ரேம் மறைக்கிறது, இத்தனை வயதுக்கு யார் கண்ணுக்குள் பார்த்துக்கொள்கிறார்கள்... சார் படத்துலயும் அது இருக்கே, என்றாள். அவன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். "தப்பா நெனைக்காதீக டீச்சர். சார் எந்தப் படத்துலயும் கண்ணத் தொறக்கல, இல்லைன்னா கண்ணாடியில லைட்டு அடிச்சிருக்கு. மத்தியானம் அடக்கம், காலையில பத்து மணிக்கு ஒங்க சொந்தக்காரங்க வந்து படம் வேணும்னு நிக்காங்க. ஷெரின் கல்யாணப் படம்தான் தெளிவா இருந்துச்சு, அதுலயும் கண்ண மூடிட்டாக. பக்கத்துல நீங்க கண்ணாடி இல்லாம நிக்கிறீக... ஒரே லைட்டு, ஒரே ஆங்கிள். ஒங்க கண்ணத்தான் எடுத்து வச்சேன், ஒட்டுன எடம் தெரியாம உக்காந்துச்சு. மூடுன கண்ணோட மாட்டுனா வீட்டுல ஆகாதும்பாக, எல்லாருக்கும் செய்றதுதான், சொல்லணும்னு தோணல." மின்விசிறியின் கீழே கவர்கள் படபடத்தன. அனுப்புப்பா, ஷெரினுக்கு அனுப்பிரு, என்று சொன்ன குரல் வகுப்பில் அடுத்த பக்கம் திருப்பச் சொல்கிற குரலாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போன் வந்தது. "ம்மா, ஏத்திட்டேன், பச்ச டிக் விழுந்திருச்சு. ஆனா ஒண்ணும்மா, படத்தத் தொறந்ததும் அப்படியே அப்பா பாக்க மாதிரி இருந்துச்சு, ஒடம்பெல்லாம் சிலுத்துருச்சு." சரி என்றாள். ஜாக்கிரதையா இருடி, சாப்பிட்டியா என்றாள். சொல்லிவிடலாமா... சொன்னால் அவளுக்கும் அந்தப் பார்வை போய்விடுமே, வீடியோவில் தினமும் அந்தப் படத்துக்குத்தானே குட்நைட் சொல்லிவிட்டுப் படுக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றி, போயிற்று. இத்தனை நாளும் பயந்துகொண்டுதான் அந்தக் கதவைத் திறந்தாள், உள்ளே ஒருவர் விழித்திருக்கிறார், போகாதே என்கிறார் என்று, அந்தப் பயம் ஒரு துணையாக இருந்திருக்கிறது. அடுத்த பஸ்ஸும் வந்தது. கண்டக்டர் "ஏறலையாம்மா" என்றார். ஏற வேண்டியதுதான், எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஆளில்லாத வீட்டைத் திறக்க வேண்டும், என்று நினைத்தபடி, படியில் கால் வைக்காமல் கண்டக்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவர் எதற்கோ சங்கடப்பட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொள்கிற வரைக்கும்.