முன்வரிசைச் சோபா

நாடாளுமன்றத் தேர்தலில் ஜெயித்த மூன்றாம் வாரம் யோகநாதன், கிள்ளானில் ஒரு கோயில் விழாவில், மண்டபத்தின் முன்வரிசைச் சோபாவில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. சிவப்பு வெல்வெட், இருவர் உட்காரும் அளவு, பூச்சோங்கில் ஒரு கடையிலிருந்து வாடகைக்கு வந்தது. அதுவரை அவர் நின்றே பிழைத்த மனிதர். பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குமாஸ்தாவாக இருந்த யாழ்ப்பாணத்துத் தகப்பனுக்குப் பிறந்து, வக்கீலுக்குப் படித்து, இருபது வருஷத்துக்கு மேல் கோர்ட்டில் நின்று பேசியவர். நின்றால்தான் அவருக்கு மூளை ஓடும் என்று மனைவி ஜனகா சொல்வார். சாப்பாட்டைக்கூடப் பாதி நாள் நின்றபடியேதான் முடிப்பார்.

அவர் அரசியலுக்கு வந்ததே இராஜம்மாவால். தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, பண்டமாரானில் வீடு வீடாகத் துணி துவைத்தே வயதான அம்மாள். பிறப்பைப் பதிவு செய்யாமல் விட்டதால் எழுபதை நெருங்கியும் கையில் சிவப்பு ஐசிதான், குடிமக்கள் அல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் அடையாள அட்டை. பிறந்த மண்ணில் குடியுரிமையும் கிடையாது, ஓட்டும் கிடையாது. யோகநாதன் காசு வாங்காமல் அவருக்காக வழக்காடித் தோற்றார். சட்டத்தையே மாற்ற வேண்டும், அதற்கு நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று கேட்க ஆள் வேண்டும் என்று அன்று கோர்ட்டு வாசலில் சொன்னார். இராஜம்மா அந்த வார்த்தையை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். பிரச்சாரம் முழுக்க வெயிலில் கொடி தூக்கினார். சாவதற்குள் ஒரு தடவையாவது ஓட்டுப் போட வேண்டும், அதையும் யோகநாதன் தம்பிக்கே போட வேண்டும் என்பது அவர் ஆசை.

அந்த விழாவன்று மண்டபத்தில் யோகநாதன் முதலில் பின்வரிசையில் இராஜம்மாவோடுதான் நின்றார். ஆள்மாற்றி ஆள் வந்து கூப்பிட்டும் நகரவில்லை. கடைசியில் ஆலயத் தலைவர் பழனியப்பன் வேர்க்க விறுவிறுக்க வந்து, "வை.பி., நீங்க சோபாவுல உக்காரலன்னா நாளைக்கு எங்களத்தான் பேசுவாங்க. அஞ்சு நிமிசம் லா" என்றார். மலாயில் மக்கள் பிரதிநிதியை மரியாதையாக வை.பி. என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த நீதிபதிக்கும் வளையாதவர், ஒரு கோயில் தலைவரின் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் போய் உட்கார்ந்தார். நம்மவர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான். மாலை, பொன்னாடை, பரதநாட்டியம், மறுபடியும் பொன்னாடை. நன்றியுரை முடிந்து எழப் பார்த்தால் இடுப்பு வரவில்லை. நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். சோபாவும் கூடவே வந்தது. டாக்டர் வந்து, பிரஷர் நார்மல் என்று சொல்லிவிட்டு சாப்பிடப் போனார். வெல்வெட்டைக் கத்தரித்தபோது யோகநாதனுக்கு வலித்தது.

அதிலிருந்து அவர் லோரியில் போய்வந்தார். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சோபா நுழைவதற்காக வாசல் கதவைக் கழற்றினார்கள். ஜனகா அவரைச் சோபாவோடு குளிப்பாட்டினார். வெல்வெட் காய்வதற்குள் அடுத்த நிகழ்ச்சிக்கு ஆள் வந்துவிடும். நாடாளுமன்றத்தில் சபாநாயகர் பெருந்தன்மையாக உட்கார்ந்தே பேச அனுமதி கொடுத்தார். இராஜம்மாவின் வழக்கை யோகநாதன் வரி பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தார். வாயைத் திறந்தால், இந்த நிகழ்ச்சியைச் சிறப்பாக ஏற்பாடு செய்த குழுவினருக்குத் தன் மனமார்ந்த பாராட்டுகள் என்று, நல்ல மலாயில், கணீரென்று வந்தது. அமைச்சர் எழுந்து நன்றி சொன்னார். யோகநாதன் எழுதிக் கொடுத்துப் பார்த்தார். பேனாவும் பாராட்டையே எழுதியது. வீட்டில் ரசத்துக்கும் பாராட்டுரைதான். உள்ளே அந்த மனிதர் கதறிக்கொண்டிருந்தார். அது ஜனகாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, பக்கத்தில் நின்று அவர் தலையைக் கோதிவிடுவார்.

தொகுதிக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. நன்றியுரை வரை உட்கார்ந்திருந்த வை.பி.யை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஐந்து வருஷத்தில் எந்தக் கல்யாணமும், எந்தக் கடைத் திறப்பும் அவரில்லாமல் நடக்கவில்லை. அடுத்த தேர்தலில் இரு மடங்கு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். இராஜம்மா அந்த முறையும் வாக்குச்சாவடிக்கு வெளியே கொடியோடு நின்றார்.

வெற்றி விழா அதே மண்டபத்தில் நடந்தது. இராஜம்மா மாலை போட வந்தபோது யோகநாதன் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். வாயைத் திறந்தார். ஏற்பாட்டுக் குழுவினருக்குப் பாராட்டு என்றார். மண்டபம் கைதட்டியது.

"நீங்க சொல்ல வந்தது எனக்குக் கேட்டுச்சு, தம்பி," என்றார் இராஜம்மா. "எனக்குக் கேட்டு என்ன பண்றது?"

விழா முடிந்து, போகிற வழியில் பண்டமாரானில் இறக்கிவிடுவதாக அவரையும் லோரியில் ஏற்றினார்கள். சோபாவில் யோகநாதனுக்குப் பக்கத்து இடம் எப்போதும்போலக் காலியாகவே இருந்தது. உக்காருங்க ஆன்டி என்றார் டிரைவர். இராஜம்மா அந்த வெல்வெட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"வேணாம்பா. ஒருத்தராவது நிக்கணும்."

லோரி கிளம்பியது. வளைவு வரும்போதெல்லாம் இராஜம்மா, சோபா நழுவிவிடாமல் அதன் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார்.