பத்தாவது காம்பரா

1968 மார்ச்சில், பதுளைக்கு மேலே மேமலைத் தேயிலைத் தோட்டத்தில், குடும்பத்துக்கு ஒரு அறையாகத் தொழிலாளர்கள் வரிசையில் குடியிருந்த லயத்தின் பத்தாவது காம்பரா கோழிக்கூடு அளவுக்குச் சிறுத்துப்போனது. முதலாவது பழையபடியே இருந்தது. இடையில் இருந்தவை வரிசையாகக் குறைந்தன. ஐந்தாவதில் இருந்தவர்கள் குனிந்து போனார்கள், எட்டாவதில் இருந்தவர்கள் தவழ்ந்தார்கள். பத்தாவதில் கருப்பம்மாவும் மகள் பூவாயியும் தலையை மட்டும் உள்ளே வைத்துப் படுத்தார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். பதுளையில் கடைப் பலகை எழுதும் தாஸிம், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவச் சுவரில் லயத்தைப் படமாகக் கீறியிருந்தார். கூரை, வாசற்படி, தண்ணீர் ஓடும் கான் எல்லாவற்றின் கோடுகளையும் தூரத்தில் ஒரே புள்ளியில் சேர்த்திருந்தார். லயம் அதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டது.

“என்னா நானா இது? ஞாயித்துக்கெழம பண்டாரவளையிலருந்து பொண்ணு பாக்க வாறாங்க. இதுக்குள்ள எப்புடி ஒக்கார வப்பேன்?” என்று தாஸிமிடம் கேட்டாள் கருப்பம்மா.

“தூரத்துல ஈக்கிறது சின்னதாத்தான் வரணும் தங்கச்சி. படம் கீறுறதுட சட்டம்.”

“சட்டம் வூட்டுக்கு மட்டுந்தானா? ஆளுக்கு இல்லியா?”

தாஸிம் பிளேன்டீயைக் குடித்து முடித்து, படத்தைப் போய்ப் பார்த்தார். ஆட்களைப் போட மறந்திருந்தார். மறுநாள் லயத்து ஆட்களையும், கருப்பம்மா எண்ணிச் சொன்ன பதினொரு விருந்தாளிகளையும் பாதை நெடுக, போகப் போகச் சிறுக்கும்படி, கீறினார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேரும் வாசலுக்கு வாசல் சிறுத்துக்கொண்டே வந்து, வசதியாக உட்கார்ந்து வடை தின்று, வீடு நல்ல விசாலம் என்றார்கள். அழைக்காமலே ஹாலிஎலவில் பஸ் ஏறிய மாப்பிள்ளையின் சித்தப்பா வீரய்யா படத்தில் இல்லை. முழு அளவிலேயே வந்து, தகரக் கூரையில் முழங்கையை ஊன்றி, நாற்பத்திரண்டு வடை தின்றார்.

“ஏ புள்ள, வடைய உளுந்துல சுட்டீங்களா, கடுகுல சுட்டீங்களா? இந்த எடம் நமக்கு வேணாம், எந்திரிங்க!”

உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் தாய் அண்ணாந்து பார்த்தாள்.

“ஒன்னய யாரு கூப்பிட்டா? வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லு!”

அத்தோடு சம்பந்தம் முடிவானது. வைகாசியில் கல்யாணம். வீரய்யாவையும் படத்தில் சேர்த்திருந்தார்கள்.

புருஷன் வீட்டுக்குப் புறப்பட்ட பூவாயி, ஒவ்வொரு வாசலாகக் கடந்து வளர்ந்துகொண்டே வந்து பஸ் ஏறினாள். பஸ் திரும்பும் இடத்தில் பார்த்தபோது, கையசைத்த அம்மா கட்டைவிரல் அளவு தெரிந்தாள்.

“தூரமில்லியா, அதான் அப்புடி தெரியிறாங்க” என்றான் மாப்பிள்ளை.

அம்மாவின் அளவே அவ்வளவுதான் என்று பூவாயி சொல்லவில்லை. அவளும் கையசைத்தாள்.