சீர் வரிசையில் ஒரு டிவி கேம்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகையில் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். டிவி கேம் பைத்தியம் பிடித்த ஒருவருடைய அபிப்பிராயங்கள் வேண்டுமாம்: எந்த மிஷின் நல்லது, எந்த ஆட்டம் தேறும், வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும். எனக்கு அந்தச் சமாசாரம் அவ்வளவாகத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை, ஒப்புக்கொண்டுவிட்டேன்.

அந்த வாரமே காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், பரப்பியிருந்தார்கள். எவர்சில்வர் தூக்குகளுக்கும் பித்தளை அண்டாக்களுக்கும் நடுவே ஒரு ரேடியோப் பெட்டி இருந்தது. அதைச் செய்த கம்பெனி மூடி வெகுகாலம் ஆகிறது. "இன்னும் பிரிக்கலை பாத்துக்கங்க" என்றார் பக்கத்தில் நின்றவர். அவருக்கு அதில் பெருமை. சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் பந்தியில் எனக்கு அந்தப் பெட்டி நினைப்பாகவே இருந்தது. வீடு திரும்பியபோது கட்டுரை கைவிட்டுப் போயிருந்தது.

2

தொடக்கங்கள் பல எழுதினேன்.

"பினாங்குத் துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியபோது அகிலாண்டேஸ்வரியின் மடியில்—" வேண்டாம். கப்பலில் தொடங்கினால் நீங்கள் கடலைத் தேடுவீர்கள். இது ஒரு சாமான் அறைக்குள் நடக்கிற கதை.

"ஏகப்பனுக்கு டிவி கேம் என்றால் உயிர்." இது கொஞ்சதூரம் ஓடியது. ஏகப்பன் கடைக்குப் போனான், வாங்கினான், பிரித்தான், ஆடினான். ஆண்பிள்ளை, ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. கதை அங்கேயே படுத்துவிட்டது. நான் அவனை அனுப்பிவைத்தேன். போகும்போது கோபித்துக்கொள்ளக்கூட இல்லை, அவன் அவ்வளவுதான்.

அவன் எழுந்த இடத்தில் ஒரு பெண்ணை உட்காரவைத்தேன். உடனே வீட்டில் உள்ள எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். (இப்படித்தான் எழுதுகிறவனுக்குக் கதை இருக்கிறது என்று தெரியவரும்.)

3

அகிலாண்டேஸ்வரிக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. வளர்ந்தது பினாங்கில். அவளுடைய அப்பச்சி, அதாவது தகப்பனார், அங்கே வட்டிக்கடை வைத்திருந்தார். மாடியில் குடியிருந்த சீனக் குடும்பம் எழுபத்தாறாம் வருஷம் ஒரு டிவி கேம் வாங்கியது. திரையின் இரண்டு பக்கமும் இரண்டு கோடு, நடுவே ஓடும் ஒரு வெள்ளைப் பொட்டு. குமிழைத் திருகினால் கோடு மேலும் கீழும் போகும். பொட்டு கோட்டில் பட்டால் திரும்பும், படாமல் போனால் தோல்வி. ஆட்டம் அவ்வளவுதான்.

அகிலாவுக்கு அது போதும். அவளைக் காலேஜுக்கு அனுப்பவில்லை. கடைத்தெருவுக்குத் தனியாக விட்டதில்லை. புடவையைக்கூட ஆத்தாதான் எடுத்துக் கொடுப்பாள். அந்தத் திரையில் மட்டும் அவள் திருகிய பக்கம் ஒன்று நகர்ந்தது. முதல்நாள் அதைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது அவளுக்கு, கண்ணில் தூசி என்று சொல்லிச் சமாளித்தாள்.

சீக்கிரமே அபிப்பிராயங்கள் வந்துவிட்டன. குமிழ் மிஷினோடு ஒட்டியிருப்பதை வாங்கக் கூடாது, ஆடுகிற இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். வயரில் தனியாக நீண்டு வருவதே நல்லது. டென்னிஸ், ஹாக்கி, ஸ்குவாஷ் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தால் மயங்கக் கூடாது, எல்லாம் அதே கோடும் பொட்டும்தான். ஆட்டத்தைத் தனியாக வாங்கிச் செருகுகிற புது மிஷின்கள் வருவதாகச் சொன்னார்கள். அடுப்பை விற்றுவிட்டுத் தீயைத் தனியாக விற்கிற வேலை என்றாள் அகிலா. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: ஆடிப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது.

(கட்டுரை கேட்ட பத்திரிகைக்காரருக்கு: நீங்கள் கேட்டது மேலே உள்ள பத்தி. மீதி என் பொறுப்பு.)

4

அடுத்த வருஷம் கடையை மூடிவிட்டு ஊர் திரும்புகையில், அவள் கேட்ட மிஷினை அப்பச்சி வாங்கிக் கொடுத்தார். கடையில் பெட்டியைப் பிரித்து, பேட்டரி போட்டு, ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்த பிறகே அகிலா சம்மதித்தாள். கடைக்காரன் மறுபடி பெட்டியில் வைத்து டேப் ஒட்டினான். பேட்டரியைக் கழற்றவில்லை. கப்பலில் போட்டு விளையாடுவார்கள் என்று நினைத்திருப்பான்.

தேவகோட்டையில் இறங்கியதுமே கல்யாணப் பேச்சு. ஆத்தா பெட்டியைத் தூக்கிச் சீர் சாமான்களோடு சேர்த்துவிட்டாள்.

"ஆத்தா, அது நான் ஆடுறதுக்கு வாங்கினது."

"போற இடத்துல ஆடிக்க. இப்பப் பிரிச்சா பழசாயிரும். பழசையா பரப்பி வைக்கிறது? பாக்கிறவுக என்ன சொல்வாக?"

போகிற இடம் காரைக்குடி. மாப்பிள்ளை சத்தியமூர்த்தி. நல்ல மனிதன். (நல்ல மனிதன் என்று எழுதிவிட்டு வெகுநேரம் யோசித்தேன். அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான், கேட்டால் சிரிப்பான். வேறு சொல் அகப்படாததால் இதையே விட்டுவைக்கிறேன்.) மெட்ராஸிலிருந்து ஒரு டிவி வாங்கி வந்து வளவில் வைத்திருந்தான். காரைக்குடிக்கு அப்போது எந்த நிலையமும் எட்டாது. விருந்தாளி வந்தால் பின்னல் துணியை விலக்கி டிவியைப் போடுவான். திரை முழுக்கப் பூச்சி பறக்கும். வந்தவர்கள் கொஞ்சநேரம் மரியாதையாகப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்பார்கள்.

அகிலா உள்ளுக்குள் துடித்தாள். அந்த ஊரிலேயே அந்த டிவியில் ஏதாவது தெரிய வேண்டுமென்றால் அவளுடைய மிஷின் ஒன்றுதான் வழி. அதற்கு நிலையம் வேண்டாம், கம்பம் வேண்டாம். ஒரு வயரைச் செருகினால் போதும்.

ஆனால் வந்த மறுநாளே மாமியார் உமையாள் ஆச்சி பெட்டியைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டியிருந்தாள். சத்தியமூர்த்தியின் தங்கை சிட்டாள் கல்யாணத்துக்கு நிற்கிறாள், அவள் சீருக்கு ஆகும் என்று. மருமகள் கொண்டுவந்ததை மகளுக்கு வைப்பது அந்த வீட்டில் புதிதில்லை.

"நீங்க ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் அகிலா புருஷனிடம்.

"ஆத்தாகிட்ட நீயே கேளு. பொம்பளைக சமாசாரத்துல நான் எங்குட்டு நுழையிறது?" என்று சிரித்தான்.

அவள் கேட்கவில்லை. இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது. கேட்டால்தான் என்ன என்று ஒரு பக்கம் எழுதி, கேட்கவைத்தும் பார்த்தேன். அந்தப் பக்கம் பொய்யாக இருந்தது. புதிதாக வந்த பெண், ஒரு விளையாட்டுச் சாமானுக்காக வாய் திறந்தால் என்ன பெயர் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. கிழித்துப் போட்டேன்.

5

எழுபத்தொன்பதில் சிட்டாளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சாமான் பரப்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், அகிலாவும் சிட்டாளும் சாமான் அறையில் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணமிண்டி, இந்தப் பெட்டிக்குள்ள என்னதான் இருக்கு?" சிட்டாள் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவாள்.

அகிலா சொல்லிப் பார்த்தாள், விளங்கவில்லை. ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். சிட்டாள் கையில் ஒரு தட்டைக் கொடுத்து எதிர்ச்சுவர் ஓரம் உட்காரச் சொன்னாள். தன் கையில் ஒரு தட்டு. பூப்போட்ட தளக்கல்லில் பழம் உருண்டு போனது. சிட்டாள் தட்டை நிமிர்த்தித் தடுக்க, திரும்பி வந்தது.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"நல்லாருக்கே!"

இருவரும் ஆடினார்கள். சிட்டாளுக்கு மூச்சு வாங்கியது. பழம் ஒரு அண்டாவுக்கு அடியில் போனபோது இருவரும் தரையில் படுத்துத் தேடிச் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் சிட்டாள் சொன்னாள்.

"பிரிச்சுருவோம் அண்ணமிண்டி. அங்க போனாலும் இது என் கைக்கு வராது. அவுக வீட்டுலயும் ஒரு நாத்தனா இருக்கா."

அப்போதுதான் அகிலாவுக்கு நினைவு வந்தது. பேட்டரி. போட்டது போட்டபடி இரண்டு வருஷமாக உள்ளே கிடக்கிறது.

6

உமையாள் ஆச்சி சாவிக்கொத்தோடு அறைக்குள் வந்தாள். சிட்டாள் வாசற்படிக்கு நகர்ந்துகொண்டாள்.

"அத்தை, இந்தப் பெட்டியைச் சீர்ல வைக்க வேணாம்."

"ஏன்? உன்னதை எடுத்துக்கிட்டோம்னு இருக்கா? இருந்தாச் சொல்லு, வேற சாமான் வச்சுக்குவோம்."

"அதில்லை. உள்ள பேட்டரி கெடக்கு. டார்ச் லைட்டுல விட்டுட்டா என்னாகும்னு பாத்திருக்கீகள்ல? ஒழுகி மிஷினையே தின்னிருக்கும். செத்துப்போனதையா பிள்ளைக்கு வச்சு அனுப்பப் போறீக?"

"கல்யாண வீட்டுல பேசற பேச்சாடி இது?"

அகிலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் நிறுத்தவில்லை.

"பிரிக்காத பெட்டின்னு நினைச்சுக்கிட்டு இருக்கீக. கடையிலயே பிரிச்சாச்சு அத்தை. நான் ஆடியும் பாத்துட்டேன்."

ஆச்சி டேப்பைக் கிட்டத்தில் பார்த்தாள். கட்டுக்கு அடங்காத கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன், வசனம்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இதை வேற யாருகிட்டயும் சொல்லாத. ஒழுகினா ஒழுகிட்டுப் போகுது. அங்க மட்டும் யாரு பிரிக்கப் போறாக?"

பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள்.

"எனக்கு எங்க அப்பச்சி ரங்கூன்லருந்து கிராமபோன் கொண்டாந்து வச்சாக. பாட்டுத் தட்டெல்லாம் கூட இருந்துச்சு. இந்த வீட்டுக்கு வந்தேன், நாத்தனா சீருக்குப் போயிருச்சு. ஒரு பாட்டுக் கேட்டதில்லை. அதனால என்ன, நான் வாழலையா?"

"என்ன பாட்டெல்லாம் இருந்துச்சு அத்தை?"

அகிலா ஏட்டிக்குப் போட்டியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆச்சி சொல்ல வாயெடுத்தாள்.

"தெரியலையே" என்றாள். "உறையைக்கூட எடுத்துப் பாக்கலை."

அவள் பாத்திரங்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்த அட்டைப்பெட்டியையே பார்த்தாள்.

இதை நான் யோசித்து எழுதவில்லை. அவளை வில்லியாகத்தான் கொண்டுவந்தேன். எழுதிய கை வலித்தது, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

7

முடிவுகள்.

ஒன்று: பிரிக்கிறார்கள், பெட்டி காலி. படிக்கிறவர் திடுக்கிடுவார். ஆனால் கடைக்காரன்மேல் பழி விழும், அந்த வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் தப்பித்துக்கொள்வார்கள். விடமாட்டேன்.

இரண்டு: மூன்று பெண்களும் வளவில் உட்கார்ந்து ஆடுகிறார்கள், ஆச்சி ஜெயிக்கிறாள். தீபாவளி மலரில் போடலாம். கண் துடைக்கத் துணி தேடுவீர்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, "ஆச்சியின் விரல்கள் குமிழில்" என்பதுவரை எழுதிவிட்டேன். அப்புறம் ஓடவில்லை. பேட்டரி ஒழுகியதா இல்லையா என்பதையும் நானே அகிலாவுக்குச் சாதகமாகத் தீர்க்க வேண்டியிருந்தது.

மூன்று: பெட்டி சீரோடு போகிறது. இதற்கு நான் எதுவுமே செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் தானாக நடந்துவிடும். இந்த மூன்றில் என்னை அதிகம் பயமுறுத்தியது இதுதான்.

வழக்கப்படி இந்த இடத்தில் முடிவை வாசகரிடம் ஒப்படைத்துவிட்டு எழுதுகிறவன் நழுவிக்கொள்வான். நானும் நழுவப் பார்த்தேன். அப்போது ஒன்று உறைத்தது. வாங்கிக் கொடுப்பதை அப்பச்சி தீர்மானித்தார். பிரிக்கக் கூடாது என்று ஆத்தா தீர்மானித்தாள். யாருக்குப் போக வேண்டும் என்று மாமியார் தீர்மானித்தாள். பேசாமலிருப்பது என்று புருஷன் தீர்மானித்தான். பினாங்கில் வளர்வதிலிருந்து வாய்மூடி இருப்பதுவரை எல்லாவற்றையும் நான் தீர்மானித்தேன். இப்போது நீங்களுமா? மன்னிக்க வேண்டும், உங்களிடம் தருவதற்கில்லை.

8

சாமான் அறை. மத்தியான வெயில் சன்னல் வழியாக எவர்சில்வரில் விழுந்து கண் கூசுகிறது. ஆச்சி உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை, பெட்டியை எடு என்றும் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை. அகிலா பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

வாசற்படியிலிருந்து சிட்டாள் கேட்கிறாள்:

"நீங்க என்ன செய்யப் போறீக, அண்ணமிண்டி?"

அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியை அகிலாவிடம் ஒருவரும் கேட்டதில்லை. அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். நான் பேனாவை மூடிவிட்டேன். அவள் பதில் சொல்லட்டும்.