கஞ்சிக் கொப்பரையில் கொதித்த தண்ணீர்

என் பெயர் ஞானையா. சொந்த ஊர் பாளையங்கோட்டை. தாலுகா போர்டில் கம்பவுண்டர் உத்தியோகம். 1912-ஆம் வருஷம் தை மாதம் காதர்பாளையத்தில் வாந்திபேதி பரவியபோது, அதை அடக்கிவிட்டு வா என்று என்னைத்தான் அனுப்பினார்கள். நான் போய் அதை இன்னும் அதிகமாக்கினேன். வேறு யாராவது வந்து உங்களிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

காதர்பாளையம் முழுக்க முஸ்லிம் நெசவாளிகள். நான்கு தெரு, தெருவுக்கு ஒரு கிணறு. ஊரை ஒட்டித் தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால். நான் போய் இறங்கியபோது ஒன்பது பேர் இறந்திருந்தார்கள். வந்த கையோடு நான்கு கிணறுகளிலும் சிவப்பு மருந்தைக் கரைத்து ஊற்றினேன். தண்ணீர் கத்தரிப்பூ நிறமாக மாறியது. நல்ல மருந்துதான், கிருமியைக் கொல்லும். இனி நோய் தானாக இறங்கும் என்று பள்ளிவாசலுக்கு எதிரே எனக்கு ஒதுக்கிய வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்தேன்.

எட்டு நாளில் ஒன்பது இருபத்தாறாகிவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஜனங்கள் பேச்சைக் கேட்பதில்லை, சுத்தம் இல்லை என்று ஆபீசுக்குக் காகிதம் எழுதினேன். தெருத்தெருவாகப் போய்ச் சத்தம் போட்டேன். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒருவரிடமும் உட்கார்ந்து கேட்கவில்லை. கிராம முன்சீப் வாய்க்கால் பாலத்தில் காவல் போட்டுவிட்டார். புது நோயாளி இல்லாமல் பத்து நாள் கழியும்வரை உள்ளே இருப்பவர் வெளியே போகக் கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே வரக் கூடாது என்பது உத்தரவு.

ஒன்பதாம் நாள் காலையில் மைதீன் பாத்திமா வந்தாள். ஐம்பதை நெருங்கிய விதவை. தறியில் ஏற்றும் முன் நெடுக்கு நூலான பாவுக்குக் கஞ்சி போட வேண்டும், இல்லாவிட்டால் இழை இழையாக அறுந்துபோகும். அவள் தெருவுக்கு அந்தக் கஞ்சியைக் காய்ச்சுவது அவள்தான். அவளுடைய ஒரே மகள் கமர் நிஷா, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தவள், நிறைமாதமாக இருந்தாள். மருமகன் தாஜ் முகம்மது காவலுக்கு வெளியே மாட்டிக்கொண்டான். தினமும் மத்தியானம் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்று, பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று இந்தப் பக்கம் தென்படுகிறவரிடமெல்லாம் கத்திக் கேட்பான்.

பாத்திமா துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு, ஒரு நூல் சிட்டத்தை என் மேஜைமேல் வீசினாள். தேத்தண்ணீரில் முக்கியதுபோல் அது பழுப்பாக இருந்தது.

"இது வெள்ள நூலு. உம்ம மருந்துத் தண்ணியில அலசினதுக்கு இந்தக் கதி. கிணத்துத் தண்ணியப் பழையபடி ஆக்கித் தாரும்."

நூல் போனால் போகட்டும், உயிர் இருக்கிறதே என்றேன். அவள் உடனே பதில் சொன்னாள்.

"நூலு கெட்டா தறி நிக்கும், தறி நின்னா அடுப்பு நிக்கும். நூலையே கெடுக்குத தண்ணிய எவன் குடிப்பான்? அதான் எட்டு நாளா ஒருத்தரும் கிணத்துல வாளி போடல. ஊரே வாய்க்காத் தண்ணியத்தான் குடிக்கி."

எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பாலத்தடியில் என்றாள். நோயாளிகளின் துணியையும் பாயையும் எங்கே அலசுகிறீர்கள் என்று கேட்டேன். கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல் என்னைப் பார்த்தாள். பெண்கள் படித்துறையில் என்று கடைசியில் சொன்னாள். அது பாலத்துக்கு மேற்கே, தாழம்புதருக்குப் பின்னால் இருந்தது. ஆண்கள் கண் படக் கூடாதென்று மேலே தள்ளிக் கட்டிய துறை. தண்ணீர் அங்கிருந்துதான் பாலத்துக்கு வருகிறது.

வாய்க்காலை நான் இரண்டு மைல் நடந்து பார்த்தவன். அந்த நூறு அடி வந்தபோது மட்டும், மரியாதை தெரிந்த மனுஷனாகத் தலையைக் குனிந்துகொண்டு வயல் வழியாகச் சுற்றிப் போயிருந்தேன்.

நோயாளியின் வயிற்றிலிருந்து போவது துணியில் ஒட்டி, துணியிலிருந்து தண்ணீருக்கு வந்து, தண்ணீரோடு அடுத்தவன் வயிற்றுக்குப் போகிறது என்று அவளிடம் விளக்கிச் சொன்னேன். கிணற்றை விட்டு அவர்களை விரட்டியது என் மருந்துதான் என்பதையும் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலையில எம் மவளுக்கு அந்தத் தண்ணியத்தானே குடுத்தேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. மருந்து போடாமல் தண்ணீரைச் சுத்தம் செய்ய வழி உண்டா என்று கேட்டாள். தளதளவென்று கொதிக்க வைத்தால் போதும், ஆனால் ஆயிரம் பேருக்கு எந்தப் பானையில் கொதிக்க வைப்பது என்றேன்.

"கொப்பர இருக்குல்லா," என்றாள்.

தெருவுக்கு ஒன்றாக நான்கு கஞ்சிக் கொப்பரைகள். இடுப்பளவு உயரம், கெட்டிச் செம்பு. தினமும் அதிகாலையில் அவற்றுக்கடியில் நெருப்பு எரியும். என் புத்திக்குத்தான் அது எட்டவில்லை. கொப்பரைகள் நூகு முதலாளிக்குச் சொந்தம். ஊருக்கெல்லாம் நூல் கொடுத்துத் துணி வாங்குகிறவர் அவர். இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம்.

அவர் மறுத்துவிட்டார். மாதக் கடைசியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்ற வேண்டும், கொப்பரையில் தண்ணீர் காய்ச்சினால் பாவுக்கு யார் கஞ்சி போடுவது என்றார். கம்பவுண்டர் ஏற்கெனவே நூலைக் கெடுத்தாயிற்று, இனி பாவையும் கெடுக்க வந்திருக்கிறாரா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நியாயமான கேள்வி. பாத்திமாதான் பதில் சொன்னாள்.

"அப்போ சரி, மொதலாளி. நாளையிலேருந்து நாலு தெருவுலயும் ஒரு பொம்பளையும் தார் சுத்த மாட்டா. தார் இல்லாமத் தறிய எப்படி ஓட்டுதீரோ, ஓட்டிக்கிடும்."

தார் என்பது குறுக்கு நூலான ஊடையைச் சுற்றிய சின்னக் குழல். பாவுக்கு ஊடே இப்படியும் அப்படியும் பாயும் நாடாவுக்குள் அதைப் போட்டால்தான் தறி ஓடும். சுற்றுவது முழுக்கப் பெண்களின் வேலை. மறுநாள் காலையில் காதர்பாளையத்தில் ஒரு ராட்டைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. கையிருப்புத் தார் தீரத் தீர ஒவ்வொரு தறியாக நின்றது. முதலாளி மத்தியானம்வரை தாக்குப்பிடித்தார். லுஹர் தொழுகை முடிந்ததும் அவரே வந்து கொப்பரைகளைத் திறந்துவிட்டார். வீம்புக்காரர்தான், ஆனால் இறங்கி வந்தால் முழுசாக இறங்குகிறவர். ஒரு வண்டி விறகும் கூடவே வந்தது.

அதன்பிறகு அந்தப் பெண்கள் வேலை செய்த அழகைப் பார்க்க வேண்டுமே! மூன்று கொப்பரையில் குடிதண்ணீர். நான்காவதான பழைய கொப்பரையில் நோயாளிகளின் துணி மட்டும் வெந்தது, அந்தத் தண்ணீரை வாய்க்காலுக்குத் தொலைவில் குழி வெட்டிக் கொட்டினார்கள். பாவுக்குக் கஞ்சி போட வீட்டுக்கு வீடு முறை வைப்பதுபோலவே நெருப்புக்கும் முறை வைத்தார்கள். படித்துறையில் கம்போடு இரண்டு பெண்கள் காவல் நின்றார்கள், ஒரு கைக்குட்டையைக்கூட நனைக்க விடவில்லை. ஒரு கிணற்றை மருந்தில்லாமல் நூலுக்கு விட்டுவிடச் சொன்னார்கள், விட்டேன். படுத்திருந்தவர்களுக்கு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு மிஞ்சிய வேலை அதுதான்.

மூன்றாம் நாள் புதிதாக இரண்டு பேர் படுத்தார்கள். ஐந்தாம் நாள் ஒருவர். அதற்குப் பிறகு யாரும் படுக்கவில்லை.

நான் நம்பவில்லை. ஒவ்வொரு காலையும் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போவேன். இல்லை, இல்லை என்றே பதில் வரும். ஒன்பது நாள் அப்படியே கழிந்தது. பத்தாம் நாள் விடிந்ததும் கமர் நிஷா வாந்தி எடுத்தாள் என்று ஆள் வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய் வாசல் திரைக்கு வெளியே நின்று, பேதி உண்டா, கைகால் சில்லிட்டிருக்கிறதா என்று கேட்டேன். உள்ளேயிருந்து பாத்திமாவின் குரல் மட்டும் வந்தது.

"பேதி இல்ல. வலி கண்டிருக்கு. நீரு அங்கனயே இரும்."

நான் அங்கேயே இருந்தேன். மத்தியானம் குழந்தை அழுதது. நல்ல பலமான அழுகை. பாத்திமா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் வேர்வை, அதற்குமேல் சிரிப்பு.

"பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ. இன்னைக்குப் பத்தாம் நாளு. பாலத்துல நிக்குதவங்களப் போகச் சொல்லும். எம் மருமவன் உள்ள வரட்டும்."

முன்சீப்பின் கையெழுத்து வேண்டும், அதற்குச் சாயங்காலம் ஆகும். நான் காத்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டபின் ஓடியறியாத நான் பாலத்துக்கு ஓடினேன். காவலைக் கலையுங்கள், பொறுப்பு என்னுடையது என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் தாஜ் முகம்மது என்னைத் தாண்டிப் போய்விட்டான். இரண்டு வாரத்துக்கு மேல் வெளியே தவித்துக்கிடந்த ஜனம் அவன் பின்னாலேயே வந்தது. தெருவில் ஆளை ஆள் கட்டிப்பிடித்து அழுதார்கள், சிரித்தார்கள். நூகு முதலாளி ஆளாளுக்குக் கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

நான் மூச்சுவாங்கப் போய்ச் சேர்ந்தபோது, தாஜ் முகம்மது வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். வாசலை மறித்துக்கொண்டு மாமியார். அவள் கையில் செம்பு, செம்பில் ஆவி பறக்கும் கொப்பரைத் தண்ணீர்.

"மாப்ள, மொதல்ல கையக் கழுவும். பொறவு புள்ளயத் தூக்கும்."

இதை நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவன் முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அவள் போதாது என்றாள். மறுபடியும் கழுவினான்.